கட்டக்கோரை, கருவேலங்கரி, நண்டு ஓடு: கழிவுநீரிலிருந்து ஈயத்தையும் செம்பையும் பிரிக்கும் முறை

இராமநாதபுரம் கரையில் மூன்று கழிவுகளுக்குப் பஞ்சமில்லை. கடல் கலங்கிய மறுநாள் கரையில் ஒதுங்கும் கட்டக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசி, கரிமூட்டத்தின் அடியில் விலைபோகாமல் கிடக்கும் கருவேலங்கரித் தூள், நண்டுச் சதை எடுத்தபின் மிஞ்சும் ஓடு. மூன்றுமே தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம், செம்பு போன்ற உலோகங்களைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். இப்படிப் பயன்படும் பொருளை இங்கே கவர்பொருள் என்று சொல்கிறோம்.

கல்லூரி ஆய்வகம், பேட்டரி பழுதுபார்க்கும் கடை, வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் பட்டறை போன்ற இடங்களில் சேரும் சில நூறு லிட்டர் கழிவுநீருக்கு ஏற்ற முறை இது. கவர்பொருளைக் குழாயில் படுக்கையாக நிரப்பி, கழிவுநீரை அதன் வழியே விடவேண்டும். பொருள் செய்வது எளிது. செய்த பொருள் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிவதில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். அதனால் சோதனைப் பகுதியை இங்கே நீளமாகவே எழுதியிருக்கிறோம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். இது குடிநீர் வடிகட்டி செய்யும் முறை அல்ல. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகள் கடலிலிருந்து ஆர்செனிக்கை உறிஞ்சித் தம் உடலில் சேர்த்துவைப்பவை. கழுவினாலும் அது முழுவதும் போகாது. அதன் வழியே வந்த தண்ணீரை மனிதரும் குடிக்கக்கூடாது, ஆடுமாடும் குடிக்கக்கூடாது. அடுத்தது, இந்தப் பொருள்கள் எதுவும் உப்பை எடுக்காது. உவர்த் தண்ணீர் உள்ளே போனால் உவர்த் தண்ணீராகவே வெளியே வரும்.

1. முதல் வேலை: தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறிதல்

கவர்பொருளைத் தேடுவதற்கு முன் தண்ணீரை ஆய்வுக்கு அனுப்புங்கள். எந்த உலோகம், எவ்வளவு, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) எவ்வளவு, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு, கடினத்தன்மை, காரத்தன்மை ஆகியவை தெரியவேண்டும். உலோகத்தைப் பொறுத்தே பொருள் மாறும், பி.எச். மாறும். இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் வேலை இருட்டில் வலை வீசுவதுதான்.

மாதிரி எடுக்கும் பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடிச் சுவரில் உலோகம் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, வாலைவடி நீரில் மூன்று முறை அலசுங்கள். மாதிரியை முதலில் வடிகட்டி, பிறகு பி.எச். 2க்குக் கீழே வரும்வரை நைட்ரிக் அமிலச் சொட்டுகள் விடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. அமிலத்தை முதலில் விட்டால் மிதக்கும் துகளில் இருக்கும் உலோகமும் கரைந்துவிடும். பிறகு கரைந்த உலோகம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பி.எச்., டி.டி.எஸ்., குளோரைடு பார்க்க அமிலம் விடாத இன்னொரு பாட்டில் வேண்டும்.

உலோக அளவை, ஒவ்வொரு உலோகத்தையும் தனித்தனியே அளக்கும் ஏ.ஏ.எஸ். அல்லது ஐ.சி.பி. கருவி உள்ள ஆய்வகத்தில்தான் பார்க்கமுடியும். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஈயத்தைக் காட்டாது. லிட்டருக்கு 1 மி.கி. ஈயம் பெரிய நச்சு. 1,500 மி.கி. உப்புள்ள தண்ணீரில் அந்த 1 மி.கி. மீட்டரின் கண்ணுக்கே படாது.

இலக்கையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு ஈயத்துக்கு லிட்டருக்கு 0.1 மி.கி., செம்புக்கு 3 மி.கி., பி.எச். 5.5 முதல் 9 வரை. ஒப்பிட்டுப் பார்க்க, ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தில் ஈயம் 0.01 மி.கி., காட்மியம் 0.003 மி.கி.

ஆய்வு முடிவில் உலோகம் லிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல் இருந்தால் கவர்பொருளை அதில் வீணாக்காதீர்கள். முதலில் சுண்ணாம்புத் தண்ணீரால் பி.எச்.ஐ 9 அளவுக்கு உயர்த்தி, வீழ்படிவை அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை வடிகட்டுங்கள். பேட்டரி கழுவிய தண்ணீரில் கந்தக அமிலம் இருப்பதால் அதற்கு இது கட்டாயம். வீழ்படிவு போனபின் மிஞ்சும் சில மி.கி.யைப் பிடிப்பதே கவர்பொருளின் வேலை.

2. கையில் இருக்கவேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் தராசு. பி.எச். மீட்டர், அதைச் சரிபார்க்க 4, 7 பஃபர் கரைசல்கள். பி.எச். தாள் போதாது. செம்பைப் பொறுத்தவரை 5க்கும் 6.5க்கும் நடுவில்தான் வெற்றியும் பொய்வெற்றியும் (உலோகம் பொருளில் ஒட்டாமல் தானே திரண்டு விழுவது) பிரிகின்றன. தாளில் அந்த வித்தியாசம் துல்லியமாகத் தெரியாது.

250 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில்கள் பத்து, வாட்மேன் 42 வடிதாள், 0.5 மி.மீ., 1 மி.மீ. சல்லடைகள், வாலைவடி நீர், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் குளோரைடு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அமிலத்தைத் தொடாதீர்கள்.

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செய்ய, அடர் அமிலத்தில் சுமார் 8.5 மி.லி. எடுத்து 900 மி.லி. தண்ணீரில் மெல்ல ஊற்றி, பிறகு 1 லிட்டர் ஆக்குங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும்.

3. சேகரித்தல்

கட்டக்கோரை பழுப்பு நிறத்தில், மிளகு அளவு காற்றுக் குமிழ்களோடு இருக்கும். கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் வேறு இனம். அவை அகர் எடுக்க விலைக்குப் போகிறவை. அவற்றை இதற்கு வீணாக்க வேண்டாம், அவற்றின் வேதியியலும் வேறு.

கரையில் தானாக ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. அங்கே போய்ப் பாறையிலிருந்து பறிப்பது சட்டப்படி குற்றம், மீன் குஞ்சுகளுக்கும் கேடு. அன்று ஒதுங்கிய, நிறம் மாறாத பாசிதான் வேண்டும். நாலு நாள் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து கறுத்துக் குழைந்தது உதவாது. உலோகத்தைப் பிடிக்கும் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் அதில் பாதி கரைந்து போயிருக்கும்.

கருவேலங்கரியை முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் மூட்டம் பிரிக்கும் இடத்தில் கேளுங்கள். துண்டுக் கரி வேண்டாம், அடியில் நிற்கும் தூளும் குருணையும் போதும். மூட்டத்தை மண் போட்டு மூடுவதால் அந்தத் தூளில் கால்வாசி மண்ணாகக்கூட இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் கிளறுங்கள். மண் உடனே அடியில் போகும், கரி சற்று நேரம் மிதக்கும். மிதப்பதை மட்டும் அள்ளுங்கள். பாதி வெந்து பழுப்பாக இருக்கும் கட்டையையும் பொறுக்கி எறியுங்கள், அது தண்ணீருக்கு நிறம் கொடுக்கும்.

நண்டு ஓட்டுக்கு நீலக்கால் நண்டின் முதுகு ஓடும் கால் ஓடும் நல்லவை. சதை ஒட்டாமல் சுரண்டி, அன்றே வேகவைத்துக் காயப்போட வேண்டும். ஒரு நாள் தள்ளினால் நாற்றத்தில் யாரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

4. கழுவுதல், உலர்த்துதல், அளவாக்குதல்

பாசியை முதலில் சாதாரணத் தண்ணீரில் நாலைந்து முறை அலசி மணல், சிப்பி, நைலான் நூல், தெர்மாகோல் துண்டு எல்லாவற்றையும் எடுங்கள். வலை நூல் பாசியோடு பின்னிக் கிடக்கும். அதைக் கையால்தான் பிரிக்கவேண்டும். பிறகு ஆர்.ஓ. அல்லது வாலைவடி நீரில் அலசுங்கள். எத்தனை முறை என்று எண்ணாதீர்கள். அலசிய தண்ணீரின் டி.டி.எஸ்., ஊற்றிய தண்ணீரின் டி.டி.எஸ்.ஸுக்கு அருகில் வரும்போது நிறுத்துங்கள். கடலுப்பு மிச்சமிருந்தால் எடை பொய்யாகிவிடும், சோதனைக் கரைசலும் உப்பாகிவிடும்.

இரண்டு நாள் நிழலில் காயவைத்து, பிறகு 60 டிகிரி உலர்த்தும் அடுப்பில் (ஓவனில்) எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். அவசரத்துக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்றினால் பாசி கருகி, பிடிக்கும் திறன் குறையும். உலர்ந்ததை மிக்சியில் விட்டுவிட்டு அரைத்து, 1 மி.மீ. சல்லடையில் விழுந்து 0.5 மி.மீ. சல்லடையில் நிற்கும் பகுதியை எடுங்கள். மாவாக இருப்பது வேகமாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் குழாயில் நிரப்பினால் களிமண்போல் அடைத்து, தண்ணீரை விடாது. மாவைத் தூக்கி எறியாமல் பாட்டில் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள்.

கரியையும் ஓட்டையும் இதே அளவுக்குச் சலியுங்கள். கரித்தூள் பறக்கும், முகக்கவசம் வேண்டும்.

5. பொருளைப் பக்குவப்படுத்துதல்

கட்டக்கோரைக்குக் கால்சியம் ஏற்றவேண்டும். 1 லிட்டர் வாலைவடி நீரில் நீரற்ற கால்சியம் குளோரைடு 22 கிராம் (கடையில் கிடைப்பது இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட உப்பென்றால் 29 கிராம்) கரைத்து, பி.எச்.ஐ 5க்குக் கொண்டுவந்து, 10 கிராம் பாசியை 24 மணி நேரம் ஊறவையுங்கள். அவ்வப்போது கலக்குங்கள். பிறகு அலசி 60 டிகிரியில் உலர்த்துங்கள்.

பாசியின் ஆல்ஜினேட் சோடியத்தோடு இருக்கும்போது வழவழவென்று ஊதி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கால்சியம் அந்தச் சங்கிலிகளைக் கட்டிப்போடும். பிறகு ஈயமோ செம்போ வரும்போது கால்சியம் இடம் விட்டு விலக, உலோகம் அந்த இடத்தில் உட்காரும். இந்தப் படியை விட்டவர்களின் குழாயிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும், ஒரு வாரத்தில் படுக்கை குழைந்து அமர்ந்துவிடும்.

கரிக்கு அமிலக் கழுவல். 10 கிராம் கரிக்கு 200 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 24 மணி நேரம். சாம்பல் கரையும்போது நுரைக்கும். மூடியை இறுக்காதீர்கள். பிறகு அலசிய தண்ணீரின் பி.எச்., ஊற்றிய தண்ணீரின் பி.எச்.ஸுக்கு அருகில் வரும்வரை அலசி, 105 டிகிரியில் உலர்த்துங்கள்.

இந்தக் கழுவல் ஏன் இவ்வளவு முக்கியம்? கழுவாத கரியின் சாம்பல் தண்ணீரின் பி.எச்.ஐ 8, 9 என்று ஏற்றிவிடும். அங்கே செம்பு தானே வெளிர்நீலப் பஞ்சாகத் திரண்டு அடியில் விழும். வடிகட்டிப் பார்த்தால் 99 சதவீதம் போய்விட்டதென்று தெரியும். கரி எதையும் பிடித்திருக்காது. அடுத்த நாள் அமிலத்தன்மையுள்ள தண்ணீர் வந்தால் அத்தனையும் திரும்பக் கரைந்து வெளியே வரும்.

நண்டு ஓட்டை அமிலத்தில் போடாதீர்கள். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அது பொங்கிக் கரைந்துவிடும். வேகவைத்து, அலசி, உலர்த்தினால் போதும். ஓடு ஈயத்தைப் பிடிப்பதில் பெரும்பங்கு அந்தக் கார்பனேட்டால் நடப்பது, அதாவது ஈயக் கார்பனேட்டாக ஓட்டின்மேல் படிவது. அது ஏமாற்று அல்ல, பயனுள்ள வேலைதான். ஆனால் அதைப் பரப்பில் ஒட்டுவது என்று கணக்கெழுதினால் மறுபயன்பாட்டுக் கணக்கு முழுவதும் தவறிப்போகும். ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற இன்னொரு கவர்பொருள் செய்ய அடர் சோடியம் ஹைட்ராக்சைடை 100 டிகிரியில் கொதிக்கவைக்கச் சொல்லும் குறிப்புகள் பல உண்டு. புகைபோக்கி வசதியும் பயிற்சியும் இல்லாத இடத்தில் அதைச் செய்யவே வேண்டாம்.

6. சோதனைக் கரைசல்

கற்றுக்கொள்ளச் செம்பே நல்லது. நச்சு குறைவு, கண்ணுக்கும் தெரியும். மயில்துத்தம், அதாவது ஐந்து நீர் மூலக்கூறு கொண்ட தூய செம்புச் சல்பேட் 3.93 கிராமை வாலைவடி நீரில் கரைத்து 1 லிட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 1,000 மி.கி. செம்பு. அதில் 50 மி.லி. எடுத்து 1 லிட்டர் ஆக்கினால் 50 மி.கி.

கை பழகியபின் ஈயம். ஈய நைட்ரேட் 1.60 கிராம் லிட்டருக்கு, அதுவும் 1,000 மி.கி. இப்படி அடர்வாகச் செய்துவைக்கும் தாய்க்கரைசலைக் கிணற்றுத் தண்ணீரில் செய்யாதீர்கள். சல்பேட்டும் பைகார்பனேட்டும் குளோரைடும் சேர்ந்து ஈயத்தைப் பால்போல் திரளவைக்கும்.

7. பாட்டில் சோதனை

எட்டு பாட்டில். ஒவ்வொன்றிலும் பி.எச். 5க்குச் சரிசெய்த 100 மி.லி. செம்புக் கரைசல் (50 மி.கி.). ஐந்தில் பாசி: 0.02, 0.05, 0.10, 0.20, 0.50 கிராம். ஆறாவது, எட்டாவது பாட்டில்களில் கரைசல் மட்டும். ஏழாவதில் மட்டும் கரைசலுக்குப் பதில் வெறும் வாலைவடி நீரும் 0.50 கிராம் பாசியும்.

பொருள் போடாத ஆறாவது, பாட்டில் சுவரும் வடிதாளும் எவ்வளவு உலோகத்தைத் தின்றன என்று சொல்லும். ஏழாவது, பாசி தானே எதையாவது விடுகிறதா என்று சொல்லும். எட்டாவதைக் கடைசி வரை தொடாமல் வையுங்கள். சோதனை முடிந்தபின் மற்ற பாட்டில்களில் எது அதிகமான பி.எச். காட்டுகிறதோ, அதே அளவுக்கு இந்தக் கரைசலின் பி.எச்.ஐ ஏற்றி, அரை மணி வைத்து வடிகட்டுங்கள். இதிலும் செம்பு குறைந்தால் உங்கள் வெற்றியில் அவ்வளவு பங்கு வீழ்படிவுக்குச் சேரவேண்டியது. இந்த எட்டாவது பாட்டில்தான் பெரும்பாலான மாணவர் அறிக்கைகளில் காணாமல் போகிறது. அது இல்லாத சதவீதத்தை நம்பமுடியாது.

பொருள் போட்ட 10 நிமிடத்திலும் 30 நிமிடத்திலும் பி.எச்.ஐப் பார்த்து 5க்குத் திருப்புங்கள். தொடக்கத்தில் ஒரு முறை சரிசெய்துவிட்டு மறந்துபோவதே அடிக்கடி நடக்கும் பிழை. செம்புக்கும் ஈயத்துக்கும் 5 முதல் 5.5 வரை நல்ல இடம். 3க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 6ஐத் தாண்டினால் வீழ்படிவுச் சந்தேகம் தொடங்கும்.

ஷேக்கர் இருந்தால் நிமிடத்துக்கு 150 சுற்று. இல்லையென்றால் பாட்டில்களைப் படுக்கவைத்து ஐந்து நிமிடத்துக்கொரு முறை உருட்டுங்கள். மீன்தொட்டிக் காற்று மோட்டாரைப் பாசிக் கரைசலில் விடாதீர்கள், நுரை பொங்கி வழியும். இரண்டு மணி நேரம் போதும். பாசி பெரும்பகுதியை முதல் ஒரு மணிக்குள் பிடித்துவிடும். கரி மெதுவானது, அதற்கு ஆறு மணி கொடுங்கள்.

வடிகட்டும்போது முதல் 10 மி.லி.யைக் கழிவுக் கலனில் ஊற்றிவிட்டு மிச்சத்தைச் சேமியுங்கள். வடிதாள் முதலில் கொஞ்சம் உலோகத்தைக் குடிக்கும். அமிலமிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

அனுப்பும் முன் ஒரு கண்பார்வைச் சோதனை. 10 செ.மீ. உயரமான கண்ணாடிக் குழாயில் வடிநீரை நிரப்பி, சில சொட்டு அம்மோனியா விட்டு, வெள்ளைத் தாளின்மேல் நிறுத்தி மேலிருந்து கீழே பாருங்கள். 50 மி.கி. கரைசல் நல்ல நீலமாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் இந்த நீலம் மிக மங்கல், அதனால்தான் மேலிருந்து பார்க்கச் சொல்கிறோம். நிறம் தெரியாவிட்டாலும் சில மி.கி. செம்பு மிச்சம் இருக்கலாம். வேலை நடக்கிறதா என்று பார்க்கத்தான் இது, அளவு சொல்ல அல்ல.

கணக்கு எளிது. தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து, லிட்டரில் கரைசலின் அளவால் பெருக்கி, கிராமில் பொருளின் எடையால் வகுத்தால் ஏற்பளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக 50இலிருந்து 10 மி.கி.க்கு இறங்கியிருந்து, கரைசல் 0.1 லிட்டர், பாசி 0.1 கிராம் என்றால், கிராமுக்கு 40 மி.கி. தொடக்க அளவாக ஆறாவது பாட்டிலின் ஆய்வு எண்ணை எடுங்கள், நீங்கள் செய்த கரைசலின் பெயரளவை எடுக்காதீர்கள்.

சதவீதத்தை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம். பொருளை அள்ளிப் போட்டால் எதுவும் 99 சதவீதம் காட்டும். ஒரு கிராம் எவ்வளவு தாங்கியது என்பதே பொருளின் தரம்.

8. அதே சோதனை, உங்கள் தண்ணீரில்

வாலைவடி நீரில் வந்த ஏற்பளவை வைத்துக் குழாய் கட்டினால் இந்தக் கரையில் தோற்றுப்போவீர்கள். தேவிபட்டினம், ஏர்வாடி, மண்டபம் என்று எங்கே போர் போட்டாலும் பல இடங்களில் உவர்த் தண்ணீர்தான். அதில் கால்சியமும் மக்னீசியமும் நூற்றுக்கணக்கான மி.கி. இருக்கும். ஈயமோ சில மி.கி. பாசிக்கு ஈயத்தின்மேல் பிடிப்பு அதிகம் என்றாலும், ஒரு இடத்துக்கு நூறு பேர் முட்டினால் பிடிப்பு குறையத்தான் செய்யும்.

குளோரைடு இன்னொரு சிக்கல். காட்மியம் குளோரைடோடு இணைந்து கரைந்த சேர்மமாகிவிடும். அதன் நேர்மின்சுமை குறைந்து அல்லது இல்லாமல் போவதால் பாசியின் எதிர்மின்சுமை அதை இழுக்காது. கடல்நீரில் காட்மியத்தின் பெரும்பகுதி இந்த வடிவில்தான் இருக்கிறது. உவர்த் தண்ணீரில் காட்மியம் என்றால் இந்த மூன்று பொருளையும் நம்பாதீர்கள்.

எனவே உங்கள் கழிவுநீரையே எடுத்து, முன் சொன்ன பாட்டில் வரிசையை அப்படியே திரும்பச் செய்யுங்கள். இங்கே பி.எச். விளையாட்டுக் காட்டும். பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் அமிலம் விட்டு 5 ஆக்கினால், கரியமில வாயு வெளியேற வெளியேற பி.எச். தானாக மேலே ஏறும். அமிலம் விட்டு, பத்து நிமிடம் காற்று ஊதி, மறுபடி அமிலம் விட்டு, அசையாமல் நின்றபிறகுதான் பொருளைப் போடவேண்டும்.

இரண்டு ஏற்பளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். இரண்டாவது எண்ணே இனி உங்கள் எண்.

9. குழாய்ப் படுக்கை

இரண்டு அங்குல பி.வி.சி. குழாய், ஒரு மீட்டர் நீளம், இரண்டு. முதலாவதில் பாசி, அடுத்ததில் அமிலம் கழுவிய கரி. இந்த வரிசைக்குக் காரணம், பாசியிலிருந்து கசியும் பழுப்பு நிறத்தையும் கரிமப் பொருளையும் கரி கொஞ்சம் பிடிக்கும். மாற்றி வைத்தால் அந்தப் பயன் போய்விடும்.

அடியில் நைலான் வலை, 10 செ.மீ. கழுவிய சரளை, 5 செ.மீ. பருமணல், அதன்மேல் 60 செ.மீ. பொருள், மேலே மறுபடி வலை. பொருளை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, குழாயில் பாதி தண்ணீர் நிறுத்தி, ஈரமாகவே கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். உலர்ந்த பாசியை நிரப்பிவிட்டுத் தண்ணீர் விட்டால் அது ஊதி, குழாயை இறுக்கும். காற்றுக் குமிழ்கள் தங்கி, தண்ணீர் ஒரே தடத்தில் ஓடும்.

தண்ணீர் கீழிருந்து மேலே ஏறட்டும். உயரத்தில் ஒரு டிரம் வைத்தால் மோட்டார் வேண்டாம். குழாயின் உள்விட்டம் 5 செ.மீ. என்றால் 60 செ.மீ. படுக்கையின் கொள்ளளவு சுமார் 1.2 லிட்டர். 20 நிமிடத் தொடர்பு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 60 மி.லி. ஓட்டம். மருத்துவமனை டிரிப் குழாயின் உருளைத் திருகு இந்த ஓட்டத்தைப் பிடிக்கப் போதும். அளவுக் குவளையில் ஒரு நிமிடம் பிடித்து, நாளுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.

எத்தனை லிட்டர் தாங்கும்? படுக்கையில் 200 கிராம் உலர்பாசி, உங்கள் தண்ணீரில் ஏற்பளவு கிராமுக்கு 20 மி.கி., வரும் தண்ணீரில் உலோகம் 10 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 200ஐ 20ஆல் பெருக்கினால் 4,000 மி.கி., அதாவது 400 லிட்டர். பாதியை மட்டும் நம்புங்கள்: 200 லிட்டர், சுமார் 55 மணி நேர ஓட்டம். முழுப் படுக்கையும் நிரம்பும் முன்பே தண்ணீர் வெளியேறும் முனையில் உலோகம் எட்டிப்பார்க்கும் என்பதால் இந்தப் பாதிக் கணக்கு.

ஏற்பளவை எந்தப் பாட்டிலிலிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். இறுதி அளவு, குழாய்க்கு வரும் தண்ணீரின் அளவுக்கு (இங்கே 10 மி.கி.) அருகில் நின்ற பாட்டிலின் எண்ணே சரி. இறுதியில் 40 மி.கி. மிஞ்சிய பாட்டிலின் ஏற்பளவு பெரிதாகத் தெரியும். உங்கள் குழாயில் அது ஒருநாளும் வராது.

இரண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு மாதிரிக் குழாய் வையுங்கள். 50 லிட்டருக்கு ஒரு முறை அங்கிருந்தும் கடைசியிலிருந்தும் மாதிரி எடுங்கள். நடுவில் உலோகம் இலக்கைத் தாண்டத் தொடங்கியதும் ஓட்டத்தை நிறுத்தி, பாசியை மாற்றுங்கள். இரவில் நிறுத்தினாலும் படுக்கை தண்ணீரில் மூழ்கியே இருக்கட்டும். இரண்டு நாளுக்கு மேல் நிறுத்தினால் பாசி அழுகும், வெளியே எடுத்து உலர்த்திவிடுங்கள்.

10. மீண்டும் பயன்படுத்துதல்

பாசிப் படுக்கையின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அரை மணி நேரத்தில் மெல்ல விடுங்கள். உலோகம் இறங்கிவிடும். பிறகு வாலைவடி நீரில் அலசி, மறுபடி கால்சியம் குளோரைடு ஏற்றுங்கள். இதை விட்டால் அமில வடிவிலேயே நிற்கும் பாசி அடுத்த தண்ணீரின் பி.எச்.ஐ 3க்கு இழுத்து, பிடிக்காமல் போகும்.

ஒவ்வொரு சுற்றிலும் எடை கொஞ்சம் குறையும். முதல் சுற்றின் ஏற்பளவில் 70 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம். பாசி கரையில் சும்மா கிடக்கும்போது அமிலத்தைச் செலவழித்து ஏழாவது, எட்டாவது சுற்று ஓட்டுவதில் பயனில்லை. நண்டு ஓட்டுக்கு மறுபயன் கிடையாது.

11. குரோமியம், ஆர்செனிக் என்றால்

ஆறிணைதிற குரோமியமும் ஆர்செனிக்கும் தண்ணீரில் பெரும்பாலும் எதிர்மின்சுமையோடு இருப்பவை. பி.எச். 5இல் பாசி அவற்றைத் தள்ளிவிடும். குரோமியம் பி.எச். 2 அருகே பிடிபடும். அங்கேயும் பெரும்பகுதி மூவிணைதிறக் குரோமியமாக மாறிக் கரைசலிலேயே நிற்கும். ஆய்வகத்தில் ஆறிணைதிறத்தை மட்டும் பார்த்துவிட்டு முழுவதும் போய்விட்டது என்று எழுதாதீர்கள், மொத்தக் குரோமியம் கேளுங்கள். ஆர்செனிக்குக்கு இரும்பு ஆக்சைடு பூசிய மணல் போன்ற வேறு பொருள் வேண்டும்.

12. உலோகம் ஏறிய கழிவு

தண்ணீரில் இருந்த ஈயம் இப்போது பாசியிலும் அமிலத்திலும் இருக்கிறது, முன்னைவிடச் செறிவாக. கட்டக்கோரையைத் தென்னைக்கும் காய்கறிக்கும் உரமாகப் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறோம்: பயன்படுத்திய பாசியைக் குப்பைமேட்டில் கொட்டினால், விவரம் தெரியாத ஒருவர் அள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டுவிடுவார். கருவேலங்கரியும் அப்படித்தான், பார்த்தால் நல்ல கரிபோலவே இருக்கும், யாராவது அடுப்பில் போடுவார்கள். எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும்.

அமிலக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணீரால் பி.எச். 9 முதல் 9.5 வரை உயர்த்தி, ஓர் இரவு தங்கவைத்து, சேற்றை வடிகட்டுங்கள். 11ஐத் தாண்டிவிடாதீர்கள், ஈயம் மறுபடி கரையத் தொடங்கும். தெளிந்த தண்ணீரைக் கீழே விடாமல் பி.எச். 5க்குத் திருப்பிக் குழாய்க்கே அனுப்புங்கள்.

சேறு, பயன்படுத்திய பாசி, கரி, ஓடு, வடிதாள், சோதனைப் பாட்டில்களின் மிச்சக் கரைசல் எல்லாம் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போகவேண்டும். பாசியைப் போடும் முன் சிவப்புச் சாயத்தில் நனைத்துவிட்டால் யாரும் உரமென்று எடுக்கமாட்டார்கள். டிரம்மின்மேல் உலோகத்தின் பெயர், எடை, தேதி, "உரமல்ல, எரிக்காதே" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இதை அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் ஒப்படைக்கவேண்டும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் அதற்கான வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முதல் கிலோ பாசியை அள்ளுங்கள்.